அமீலியாவைத் தேடுபவர்கள் டொரொண்டோவையும் பார்க்க வேண்டும்

அமெரிக்கப் பெண் விமானி அமீலியா இயர்ஹார்ட் பெயர் செய்தியில் அடிபட்டாலே, விமானம் எங்கே விழுந்தது என்ற பேச்சுதான். 2024 ஜனவரியில் பசிபிக் கடலடியில் விமானம் மாதிரி ஓர் உருவம் சோனாரில் (ஒலியலையால் கடலடியைப் பார்க்கும் கருவி) தெரிகிறது என்று ஒரே பரபரப்பு. நவம்பரில் பார்த்தால் அது பாறை. 1937 ஜூலை 2-ல் காணாமல் போனவரைப் பற்றி அந்தக் கடைசி நாளை மட்டுமே பேசிக்கொண்டிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அவரை விமானத்தின் பக்கம் திருப்பிவிட்டது கனடா. 1917 கிறிஸ்துமஸ் சமயம், டொரொண்டோவில் படித்துக்கொண்டிருந்த தங்கை மியூரியலைப் பார்க்கப் போனார். வயது இருபது. கிங் தெருவில் நான்கு சிப்பாய்கள் எதிரே வந்தார்கள், ஆளுக்கு ஒரே கால், கையில் ஊன்றுகோல். அமெரிக்கா அந்த வருஷம்தான் முதல் உலகப் போரில் இறங்கியிருந்தது. கனடாவோ 1914 முதல் பிள்ளைகளைப் பறிகொடுத்துக்கொண்டிருந்தது. அமீலியா படிப்பை விட்டுவிட்டு ஸ்படைனா ராணுவ மருத்துவமனையில் உதவியாளராகச் சேர்ந்துவிட்டார். காலை ஏழு மணிக்குப் போனால் மாலை ஏழு வரை வேலை. தரை துடைக்க வேண்டும், எழுந்திருக்க முடியாதவர்களுக்கு முதுகு தேய்த்துவிட வேண்டும், பத்தியச் சாப்பாடு பார்க்க வேண்டும்.

ஓய்வு கிடைத்தால் விமானப் பயிற்சித் தளத்துக்குப் போய்விடுவார். பனிக்காலம் என்பதால் விமானங்களில் சறுக்குக்கட்டை மாட்டியிருப்பார்கள். புரொப்பெல்லர் வாரியடித்த பனி முகத்தில் சுரீரென்று குத்தியதைப் பத்து வருஷம் கழித்தும் எழுதியிருக்கிறார். இந்த இடம்தான் எனக்கு முக்கியம். கைகால் போனவர்களைப் பகலெல்லாம் பார்த்த பெண்ணுக்கு, அதே போரின் இயந்திரத்தின் மேல் ஆசை வந்திருக்கிறது. சாகச மோகம் என்று சுருக்கிவிட முடியுமா இதை?

1918-ல் ஸ்பானிஷ் காய்ச்சல் பரவியபோது அவரும் நிமோனியாவில் விழுந்தார். அப்போது பிடித்த சைனஸ் கடைசிவரை விடவில்லை, அறுவை சிகிச்சைகள் செய்தும். சைனஸ் உள்ளவர்களுக்குத் தெரியும், உயரத்தில் காற்றழுத்தம் மாறினால் தலை என்ன பாடுபடும் என்று. அதோடுதான் பறந்தார்.

அப்புறம் நியூஃபவுண்ட்லாந்து தீவு. 1928-ல் பயணியாக அட்லாண்டிக்கைக் கடந்தது அங்கிருந்த ட்ரெபாசியிலிருந்து. 1932 மே 20-ல் தனியாகக் கிளம்பியது ஹார்பர் கிரேஸிலிருந்து. அப்படித் தனியே கடந்த முதல் பெண் அவர்தான். அந்த மண் கனடாவோடு சேர்ந்தது 1949-ல்.

ஸ்படைனா மருத்துவமனை இருந்த கட்டடம் இன்றும் இருக்கிறது. டொரொண்டோ பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைத் துறை அங்கேதான் இயங்குகிறது. அந்த ஊரில் இருக்கும் நண்பர்கள் ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டுப் படம் போடுங்கள்.