ரெண்டாவதா வந்த பேப்பர்

பிப்ரவரி 28 வந்தால் எல்லோரும் சர் சி.வி. ராமன் படத்தைப் போட்டு அறிவியல் தின வாழ்த்து சொல்கிறோம், சரி. அதற்கு ஒரு வாரம் முன்பே, 1928 பிப்ரவரி 21 அன்று, மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டல்ஸ்டாம் என்று இரண்டு பேர் குவார்ட்ஸ் படிகத்தில் அதே ராமன் விளைவை, அதாவது பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி நிறம் (அலைநீளம்) மாறி வருவதை, பார்த்திருந்தார்கள். நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இதனால் ராமன் பெருமை ஒன்றும் குறைந்துவிடாது. அவரும் உடன் ஆராய்ந்த கே.எஸ். கிருஷ்ணனும் நேச்சர் என்ற அறிவியல் இதழுக்கு எழுதிய கடிதத்தில் பிப்ரவரி 16 என்றே தேதி இருக்கிறது, அதனால் யார் முதலில் பார்த்தார்கள் என்று இன்றைக்கும் உட்கார்ந்து வாதாடலாம். யார் முதலில் அச்சிட்டார்கள் என்பதில் மட்டும் வாதமே கிடையாது. 28ஆம் தேதி நிறமாலையில் பார்க்கிறார், மறுநாள் பத்திரிகைகளுக்குச் செய்தி போகிறது, மார்ச் 16 பெங்களூரில் உரை, மாதம் முடிவதற்குள் அந்த உரை அச்சாகி வெளிநாட்டு விஞ்ஞானிகளுக்குத் தபாலில் போகிறது (இந்தியன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ் 1926இல் அவரே தொடங்கியதாயிற்றே!). மாஸ்கோக்காரர்கள் கட்டுரையை அனுப்பியதே மே மாதம்தான், வெளிவந்தது ஜூலையில். 1930 நோபல் ராமன் ஒருவருக்கு மட்டும்.

அந்த வேகத்தை நான் குறை சொல்லவே மாட்டேன். அடிமை நாட்டின் கல்கத்தாவில் இருந்துகொண்டு நிதானமாக எழுதலாம் என்று இருந்திருந்தால் யார் திரும்பிப் பார்த்திருப்பார்கள்? ஆனால் வத்திராயிருப்புக்காரர் கிருஷ்ணனின் பெயர் முதல் கடிதத்தில் ஆசிரியராக இருக்கிறது, அடுத்து ராமன் நேச்சருக்கு அனுப்பியதில் ஆசிரியராக இல்லை, அச்சான பெங்களூர் உரையிலும் ஆசிரியராக இல்லை. ஒரே மேஜையில் வேலை செய்கிறவர்களுக்குள்ளேயே பெயர் யாருக்கு என்பது இப்படித்தான் முடிவாகிறது, இன்றைக்கும்.

எனக்கு அதைவிட உறுத்துவது மாஸ்கோ. ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு குழுக்கள், இங்கே பெரும்பாலும் திரவங்கள், அங்கே படிகம், வந்த முடிவு மட்டும் ஒன்றே. ஒரு கண்டுபிடிப்பு உண்மை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்? நாமோ அந்தச் சாட்சியைத் தோற்றவன் கணக்கில் எழுதிவைக்கிறோம்.

பிளாஸ் பயாலஜி இதழ் 2018இல் இதற்கு ஒரு வழி செய்தது. வேறொரு குழு முந்திக்கொண்டாலும், ஆறு மாதத்துக்குள் அதே முடிவோடு வரும் கட்டுரையைப் பழசு என்று தள்ளாமல் பரிசீலிப்போம் என்று அறிவித்தார்கள். இயற்பியல்காரர்களுக்கு 1991இலிருந்தே ஆர்க்கைவ் இருக்கிறது, இதழில் அச்சாகும் முன்பே கட்டுரையைப் பொதுவில் வைக்கும் இணையக் களஞ்சியம், இன்று ஏற்றினால் இன்றைய தேதி உங்கள் பெயரில் நிற்கும். இவ்வளவு இருந்தும் யாராவது பார்த்து முந்திவிடுவார்கள், மாநாட்டு போஸ்டரில் முக்கியமான படத்தை வைக்காதே என்று சொல்லும் ஆராய்ச்சி கைடுகள் குறையவில்லை. அவர்களைத் திட்டவும் மனம் வரவில்லை, மாணவனின் பிஎச்டி அந்தப் பேப்பரில்தானே தொங்குகிறது.

ஆகவே கேட்பதெல்லாம் இதழ்களுக்காகக் கட்டுரைகளை மதிப்பிடும் ரிவ்யூவர்களிடம்தான். இரண்டு மாதம் முன்பு வேறொருவர் போட்டுவிட்டார், ஆகவே புதுமை இல்லை என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பும் முன், அந்தப் பையன் எந்தத் தேதியில் சமர்ப்பித்தான் என்பதையாவது ஒருமுறை பாருங்கள் சார்.