குளிர் என்ன செய்தது பாவம்

மேலே ஒருவர் எழுதியிருக்கிறார்: ஊட்டிக் குளிரில் மூளை நரம்பு செல் செத்துத்தான் வயதானவர்களுக்கு மறதி நோய் வருகிறதாம், தினமும் வல்லாரைத் துவையல் சாப்பிட்டால் செத்த செல்லெல்லாம் திரும்ப முளைக்குமாம்.

நரம்பு செல் சாகிறது என்பது வரை சரி. ஆனால் குளிராலா? அல்சைமர் என்ற மறதி நோயில் மூளை செல்களுக்கு வெளியே அமிலாய்டு, உள்ளே டாவ் என்று இரண்டு புரதங்கள் படிகின்றன. செல்லுக்கும் செல்லுக்குமான இணைப்புகள் அறுந்து, கடைசியில் செல்லே சாகிறது. புது நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி சீக்கிரமே அடிபடுவதால்தான், கோத்தகிரியில் இருக்கும் என் பாட்டிக்கு 50 வருஷத்துக்கு முன்னால் கொழுந்து பறித்த கதையெல்லாம் பிசகாமல் வருகிறது, காலையில் டீ குடித்தது மட்டும் நினைவில்லை. செத்த செல் திரும்பாதுங்க. இந்த நோய்க்குக் கொடுக்கும் டோனெபெசில் மாத்திரைகூட மிச்சமிருக்கும் செல்களுக்கிடையே தகவல் போகத்தான் உதவுகிறது.

சின்னச் சின்ன பக்கவாதங்களால் வரும் மறதி நோய் வேறு வகை, அதற்கு பிரஷரையும் சர்க்கரையையும் கவனிக்க வேண்டும்.

வல்லாரை சாப்பிடுங்கள், ருசிக்காக. அதை நம்பி டாக்டரிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள், ஏனென்றால் வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு குறைவு இவற்றாலும் மறதி வரும், அதற்கு மருந்து இருக்கிறது, குன்னூருக்கு பஸ் ஏறிப் போய் ஒரு ரத்தப் பரிசோதனை செய்தாலே தெரிந்துவிடும்.