அட்டையில மட்டும் பழசு

"அச்சு அசல் பழசுதான்" எண்டு ரிப்ரோ, அதாவது பழசைப் பாத்துப் புதுசாச் செய்யிற மறுபதிப்புப் பொம்மையின்ர பெட்டிக்கு மேல கொட்டை எழுத்தில போட்டிருக்கும். அட்டையில கசங்கின கோடு, மூலையில தேய்ஞ்ச வெள்ளை, விலைச்சீட்டைக் கிழிச்ச தழும்பு, எல்லாத்தையும் அச்சிலேயே அடிச்சு வைச்சிருப்பாங்கள். பிளாஸ்ரிக் மூடியை உடைச்சுப் பொம்மையை வெளியில எடுத்தால் கால் இடுப்பில நிக்காது, துவக்கு கையில நிக்காது, பொம்மை மேசையிலயே நிக்காது. ஊத்தையைக் கொப்பி அடிக்கத் தெரிஞ்சவங்களுக்கு மூட்டைக் கொப்பி அடிக்கத் தெரியேல்லையா?

ரிப்ரோ பொம்மை செய்யிறதே பிழை எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. 1978 பொம்மையை இப்ப உள்ள விலைக்கு வாங்க எல்லாராலயும் ஏலாது. புதுசா அதே மாதிரி ஒண்டு வந்தால் சந்தோசம்தான். ஆனால் "அதே மாதிரி" எண்டு எழுதினால் எது அதே மாதிரி இருக்கவேணும் எண்டு செய்யிறவனுக்கும் தெரியவேணும். கையில பிடிக்க, திருப்ப, நிப்பாட்ட எண்டு செய்த சாமான் இது. கண்ணாடி அலுமாரிக்குள்ள இருக்கிறதை மட்டும் யோசிச்சு அச்சு வெட்டினால் இந்தக் கதிதான்.

கென்னர் எண்ட அமெரிக்கப் பொம்மைக் கொம்பனி 1978இல இறக்கின ஸ்டார் வோர்ஸ் பொம்மையள் மூண்டே முக்கால் அங்குலம். கழுத்து, ரெண்டு தோள், ரெண்டு இடுப்பு, மொத்தம் அஞ்சு மூட்டு. முழங்கால் இல்லை, முழங்கை இல்லை. அந்த அஞ்சுதான் அந்தப் பொம்மையின்ர குணம். இருத்தினால் ரெண்டு காலையும் நேரா நீட்டிக்கொண்டுதான் இருக்கும். முழங்கால் வைச்சுப் போட்டு "பழைய வடிவம், புது வசதி" எண்டால் அது வேற பொம்மை. வேற பொம்மையா விக்கட்டும், ஒரு பிரச்சினையும் இல்லை. மட்டெல் கொம்பனி 2020இல ஹீ-மேன் எண்ட தன்ர பழைய வீரன் பொம்மைக்கு அப்பிடித்தான் செய்தது. 1982 முகம், ஆனால் உடம்பு முழுக்கப் புது மூட்டு, பெயரும் வேற. ஏமாத்தில்லை. அதே ஹீ-மேனின்ர பழைய பொம்மையில இடுப்புக்குள்ள ஒரு ஸ்பிரிங் இருந்தது. இடுப்பைத் திருப்பி விட்டால் கை சுழண்டு குத்தும். அந்த ஸ்பிரிங்கைத் தூக்கிப் போட்டு உருவத்தை மட்டும் வார்த்துச் சந்தைக்கு விடுற டுப்ளிகேட்டுக்கு "பழசின்ர மறுபதிப்பு" எண்டு பெயர் வைக்கிறதுதான் வயித்தெரிச்சல்.

ஆகப் பெரிய அநியாயம் ஜீ.ஐ. ஜோ எண்ட பட்டாளப் பொம்மைச் சாமான்களில நடக்குது. 1982இல வந்த சின்ன ஜோவுக்கு உடம்பை இழுத்துப் பிடிச்சிருக்கிறது உள்ளுக்குள்ள ஒரு கறுப்பு றப்பர் வளையம். ரெண்டு காலையும் சேர்த்து ஒரு இரும்புக் கொக்கி இருக்கு. வளையத்தின்ர கீழ்ப்பக்கம் அந்தக் கொக்கியில, மேல்பக்கம் நெஞ்சுக்குள்ள இருக்கிற முளையில. நடுவில இடுப்புத்துண்டு. பின்முதுகில ஒரேயொரு ஸ்குரூ. 1983இல முழங்கைக்கு மேல கை சுழலுற மாதிரி மாத்தினாங்கள். கணக்காச் செய்த சாமான். அந்த வளையம் சரியான இழுவையில இருந்தால்தான் பொம்மை ஒரு காலை மடிச்சுக்கொண்டும் நிக்கும்.

இதுக்கு ரிப்ரோ எண்டு வாறதில வளையம் ஒண்டில் தடிப்பம், இல்லாட்டில் மெல்லிசு. மெல்லிசெண்டால் கால் தொங்கும், அவ்வளவுதான். தடிப்பமெண்டால் இழுவை கூடி, கால் ரெண்டும் சேருற இடத்தில பிளாஸ்ரிக் வெடிக்கும். பழைய ஜோக்களில முதல் உடையிற ரெண்டு இடத்தில அது ஒண்டு. மற்றது பெருவிரல். ரிப்ரோ துவக்கு விக்கிறவங்கள் ஒருத்தராவது பிடியின்ர தடிப்பத்தை அளந்து பாத்தாங்களா? பழைய துவக்கின்ர பிடியை விட ஒரு மயிரிழை கூடினாலே காணும், நாப்பது வருசம் காய்ஞ்சு போன பெருவிரல் டக்கெண்டு போயிடும். நூறு ரூபாச் சாமான் பல ஆயிரம் ரூபாக் கையை உடைக்குது. "கொஞ்சம் அமத்தி ஏத்துங்கோ, போகும்" எண்டு அதுக்கு ஆலோசனை வேற!

வளையம் மாத்துறது பெரிய வித்தை இல்லை. அதையும் பிழையாச் சொல்லிக் குடுக்கிறாங்கள் எண்டபடியால் இதில எழுதிவிடுறம். ஸ்குரூ தலைக்குச் சரியான அளவுச் சின்ன நட்சத்திர ஸ்குரூ டிரைவரை எடுங்கோ, பெரிசை வைச்சுத் திருகினால் தலை வழிச்சுக்கொண்டு போகும். பின்முதுகைத் தூக்கினவுடன தலையும் கையும் கழண்டு விழும், எது வலம் எது இடம் எண்டு பாத்து வையுங்கோ. பழைய வளையம் பிசினா உருகியிருந்தால் கொக்கியைச் சுரண்டித் துடையுங்கோ. புது வளையத்தைக் கொக்கியில மாட்டி, அதுக்குள்ள ஒரு துண்டு தங்கூசியை விட்டு, இடுப்புத்துண்டின்ர ஓட்டைக்குள்ளால மேல இழுத்து நெஞ்சு முளையில போடுங்கோ. குறட்டால இழுக்க வேண்டாம், வளையத்தில கீறல் விழும், பிறகு அந்தக் கீறலிலதான் அறும். தலையையும் கையையும் வைச்சு மூடின பிறகு ஸ்குரூவை உடனே இறுக்காதேங்கோ. முதல் இடப்பக்கமா மெதுவாத் திருப்புங்கோ. "டிக்" எண்டு பழைய புரிக்குள்ள இறங்கும், அதுக்குப் பிறகு வலப்பக்கம். இதைச் செய்யாமல் திருகினால் பிளாஸ்ரிக்கில புதுப் புரி வெட்டுப்பட்டு, ரெண்டாம் மூண்டாம் முறையில ஸ்குரூ சும்மா சுத்தும். தோள் சாடையா இறுகின உடன நிப்பாட்டுங்கோ.

வளையத்தைத் திருகோணமலையிலயே தண்ணிப் பைப் சாமான் விக்கிற கடையில எடுக்கலாம். கனடாவில இருந்து பார்சல் வரவேணும் எண்டு இல்லை. ஆனால் பழைய வளையத்தின்ர உள்விட்டத்தை அளந்துகொண்டு போகாதேங்கோ, அது இழுபட்டுப் பெருத்திருக்கும். தடிப்பத்தைத்தான் கலிப்பரால அளக்கவேணும். கடையில கிடைக்கிற கறுப்பு வளையம் அனேகமா நைட்ரைல் றப்பர். எண்ணெய்க்கு நிண்டு பிடிக்கும், காத்தில இருக்கிற ஓசோனுக்கு நிண்டு பிடிக்காது, இழுபட்டபடி இருந்தால் சின்னச் சின்ன வெடிப்பு வரும். ஈ.பி.டி.எம். றப்பர் கிடைச்சால் அதை எடுங்கோ. சிலிக்கோன் பாக்க நல்லா இருக்கும், ஒரு கீறல் விழுந்தால் கிழிஞ்சிடும்.

இனி அளவு. "பழைய பொம்மையில இருந்தே அச்சு எடுத்தது, அதால நூறு வீதம் அசல்" எண்டு பெருமையாச் சொல்லுவாங்கள். அதுதான் பிழையின்ர தொடக்கமே. சூட்டில உருக்கி அச்சுக்குள்ள அடிக்கிற பிளாஸ்ரிக் ஆறேக்க சுருங்கும். ஏ.பி.எஸ். கிட்டத்தட்ட அரை வீதம், பொலிபுரொப்பிலீன் ஒரு வீதத்துக்கும் மேல. கென்னர் அச்சு வெட்டினவன் அந்தச் சுருக்கத்தைக் கணக்குப் பண்ணி அச்சைப் பெரிசா வெட்டினான். நீங்கள் சுருங்கின பொம்மையில அச்செடுத்துத் திரும்பவும் வார்த்தால் ரெண்டாந்தரம் சுருங்கும். மூண்டே முக்கால் அங்குலம் எண்டால் 95 மில்லிமீற்றர், அதில அரை மில்லிமீற்றர் போச்சு. உயரத்தில அது கண்ணுக்குத் தெரியாது. தோள் முளையும் அது போய் இருக்கிற ஓட்டையும் வேற வேற பிளாஸ்ரிக்கில, வேற வேற வீதத்தில சுருங்கேக்கதான் ஆட்டம் தொடங்கும். ஒண்டில் கை லொட லொட, இல்லாட்டில் திருப்பேக்க முளை முறியும். முகத்தில இருக்கிற நுணுக்கமும் மழுங்கும், மூக்கு நுனி முதல் போகும். இதுக்கு ஒரே வழி பழசை அளந்து, சுருக்கத்தைக் கூட்டிப் புதுசா அச்சு வெட்டுறது. காசு செலவாகும் எண்டுதான் செய்யிறேல்லை. செய்யாட்டில் "நூறு வீதம்" எண்டு எழுதாதேங்கோ, அவ்வளவுதான் கேக்கிறம்.

பெயின்ற் பற்றிக் கனக்கச் சொல்லத் தேவையில்லை. பழைய பொம்மையில கண் எண்டது ஒரு புள்ளி. இப்ப படம் பிடிச்ச மாதிரிக் கண்மணி, இமை எல்லாம் அச்சடிச்சு அஞ்சு மூட்டு உடம்பில வைக்கிறாங்கள். சகிக்கேல்லை.

எல்லாத்தையும் அப்பிடியே செய்யவேணும் எண்டு ஒத்தைக்கால்ல நிக்கிற ஆக்களும் இருக்கினம், அவையிலயும் எங்களுக்குக் கோவம்தான். பழைய மென்பிளாஸ்ரிக்கை அதே கலவையில இண்டைக்கு வார்க்க ஏலாது, வார்க்கவும் கூடாது. அமெரிக்காவில 2008 சட்டப்படி பிள்ளையளின்ர விளையாட்டுச் சாமானில பிளாஸ்ரிக்கை மெதுமையாக்கப் போடுற குறிப்பிட்ட தாலேற்றுகள் 0.1 வீதத்துக்கு மேல இருக்கக்கூடாது, பெயின்றில ஈயம் பத்து லட்சத்தில 90 பங்குக்கு மேல இருக்கக்கூடாது. மூண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையளின்ர சாமானில 31.7 மில்லிமீற்றர் விட்டமுள்ள சோதனைக் குழாய்க்குள்ள முழுசா அடங்கிற துண்டு எதுவும் இருக்கக்கூடாது. 2002இல ஒப்டிமஸ் பிரைம் எண்ட, லொறியா மாறுற ரோபோப் பொம்மையைத் திரும்ப விட்டபோது புகைக்குழாயைக் கட்டையாக்கினாங்கள், பிள்ளையளுக்குக் குத்தும் எண்டு. பாக்க அசிங்கம்தான், ஆனால் காரணம் விளங்குது. எங்கட கேள்வி வேற. எதை மாத்தினது, ஏன் மாத்தினது எண்டு பெட்டியின்ர பின்பக்கம் ரெண்டு வரி எழுத என்ன கஷ்டம்?

அதேநேரம் திருத்தக்கூடாத பிழையும் இருக்கு. 1964இல வந்த பெரிய, பன்னிரண்டு அங்குல ஜீ.ஐ. ஜோவுக்கு வலக்கைப் பெருவிரலில நகம் உள்பக்கம் இருக்கும். செதுக்கேக்க வந்த பிழை. ஆரும் கொப்பி அடிச்சால் பிடிக்க உதவும் எண்டு அதை அப்பிடியே விட்டாங்கள். கன்னத்தில தழும்பு போட்டதும் வியாபார அடையாளத்துக்குத்தான். இப்ப மறுபதிப்பெண்டு செய்யிற சிலர் அந்த நகத்தை "சரி" பண்ணி விடுகினம். திருத்தவேண்டிய றப்பரை விட்டுப்போட்டு நகத்தைத் திருத்துற மூளையை என்ன சொல்ல?

அடுத்தது அடையாளம். இதில சமாதானமே இல்லை. ரிப்ரோ எண்டால் அச்சிலேயே, உடம்பிலேயே புது ஆண்டு ஆழமா வெட்டியிருக்கவேணும். ஸ்ரிக்கர் ஒட்டினால் காணாது, உரிச்சுப்போட்டு விப்பாங்கள். அமெரிக்காவில பழைய நாணயத்தைப் பாத்துச் செய்யிற போலி நாணயத்துக்கு 1973இலேயே சட்டம் வந்தது, மேல "கொப்பி" எண்டு பதியவேணும். பொம்மைக்கு அப்பிடி ஒண்டும் இல்லை. அந்த ஓட்டைக்குள்ளாலதான் முழு வியாபாரமும் ஓடுது.

முதல் பன்னிரண்டு கென்னர் பொம்மையின்ர கால் பின்பக்கம் "ஜி.எம்.எஃப்.ஜி.ஐ. 1977" எண்டு (கென்னரின்ர தாய்க் கொம்பனிப் பெயரின்ர சுருக்கம்) இருக்கும், அனேகமா ஹொங்கொங் எண்டும் இருக்கும். நாட்டின்ர பெயர் இல்லாத அசலும் உண்டு, அதால பெயர் இல்லை எண்ட உடன கள்ளச்சாமான் எண்டு குதிக்க வேண்டாம். எழுத்தின்ர ஓரம் கூரா இருக்கா, கரைஞ்ச மாதிரி இருக்கா எண்டு பாருங்கோ. கரைஞ்சிருந்தால் பொம்மையில இருந்து அச்செடுத்த சாமான். அட்டையெண்டால் பத்து மடங்கு பெருப்பிக்கிற கண்ணாடியை வையுங்கோ. பழைய ஓப்செட் அச்சில நிறப்புள்ளியள் ஒழுங்கான வட்ட வட்டமாப் பூப்போல நிக்கும். இன்க்ஜெட்டெண்டால் புள்ளி கண்டபடி தெறிச்சிருக்கும். அச்சடிச்ச அட்டையை ஸ்கேன் பண்ணித் திரும்ப ஓப்செட்டில அடிச்சால் சாம்பல் இடங்களில அலையலையா ஒரு கோலம் தெரியும்.

ஸ்டார் வோர்ஸில வாற ஜாவா எண்ட குள்ளப் பொம்மையின்ர பிளாஸ்ரிக் போர்வை பழைய கள்ளம். 1978இலயே பிளாஸ்ரிக்கை நிப்பாட்டித் துணிக்கு மாத்தினபடியால் அது அருமை, அதால அதே வரிசையில வந்த பென் கெனோபி பொம்மையின்ர பிளாஸ்ரிக் போர்வையை வெட்டிச் சின்னனாக்கி ஜாவாவுக்குப் போட்டு விக்கிறவங்கள் இருக்கினம். வெட்டின ஓரமும் அச்சில வந்த ஓரமும் ஒண்டில்லை. விரல் வைச்சுப் பாத்தாலே தெரியும். படத்தில தெரியாது, அதுதான் அவங்களின்ர பலம்.

இதெல்லாம் குளிரூட்டின அறையில வைச்சுப் பாக்கிற ஆக்களுக்குச் சின்ன விசயம். கடல் மூண்டு பக்கமும் இருக்கிற ஊரில வைச்சிருக்கிற எங்களுக்கு அப்பிடியில்லை. உப்புக்காத்தில மலிவு ஸ்குரூவும் கொக்கியும் கறல் பிடிக்கும், கறல் பெருத்துப் பிளாஸ்ரிக்கைப் பிளக்கும். ஆடி ஆவணிக் கச்சான் வெக்கையில மலிவு பி.வி.சி. வியர்த்து ஒட்டும். அதை அப்பிடியே பொலித்தீனில சுத்தி வைச்சால் இன்னும் மோசம். பாத்திரம் கழுவுற சவர்க்காரம் சொட்டு விட்ட இளஞ்சூட்டுத் தண்ணியில கழுவி, நிழலில காயவிட்டு, காத்துப்போற பெட்டியில வையுங்கோ. மாரியில சிலிக்கா ஜெல் பக்கற் போடுங்கோ. ஸ்குரூவைத் துருப்பிடிக்காத இரும்புக்கு மாத்தலாம், அது ஒருத்தனுக்கும் குறையில்லை. உண்மையில ரிப்ரோ செய்யிறவன் அதை முதலே போட்டிருக்கவேணும். வெளியில தெரியாத இடத்தில நல்ல சாமான் போட்டால் எந்த விசுவாசமும் கெடாது.

பார்சல் செலவும் சுங்க வரியும் கட்டிச் சாமான் இங்க வந்து சேரேக்க விலை எங்கயோ போயிருக்கும், திருப்பி அனுப்புறது கனவு. அதால வாங்க முதல் கால் பின்பக்கம், துவக்குப் பிடி, முதுகு ஸ்குரூ மூண்டுக்கும் கிட்டப் படம் கேளுங்கோ. தர மாட்டன் எண்டால் விட்டுப்போட்டு வேற ஆளைப் பாருங்கோ. வாங்கின ரிப்ரோத் துவக்கை ரிப்ரோக் கைக்கே குடுங்கோ. 1983 பெருவிரலுக்கு மாத்துச் சாமான் ஒருத்தனும் இன்னும் ஒழுங்காச் செய்யேல்லை.