மூடிய ஸ்டேஷனுக்குப் பேய்க் கதை போதுமா?

கிராமத்து ரயில்வே ஸ்டேஷன் ஒன்று பாழடைந்து கிடந்தால் போதும். "வெள்ளைக்காரன் கட்டினான், நம்மாளுங்க மூடிட்டாங்க" என்று ஒரு வரி, துணைக்கு ஒரு பேய். வரலாறு ரெடி. சுத்த சோம்பேறித்தனம்.

முதல் கோளாறே ஆண்டில்தான். பாதை திறந்த வருஷத்தையே ஸ்டேஷன் திறந்த வருஷமாகப் போட்டுவிடுகிறார்கள். ஒற்றைப் பாதையில் வண்டிகள் கூடியபோது, எதிரெதிராக வருபவை ஒதுங்கிக்கொள்ள இடையில் புது ஸ்டேஷன்கள் வந்ததும் உண்டு. தண்டவாளத்தின் பக்கவாட்டில் ஆலைப் பெயரும் ஆண்டும் புடைத்த எழுத்தில் இருக்கும். அதையும் அப்படியே நம்பக்கூடாது. மெயின் லைனில் கழற்றிய பழைய தண்டவாளத்தை, வண்டி ஒதுங்கி நிற்கும் பக்கப்பாதையான லூப்பில் போடுவார்கள், வேலிக்கால் நடுவார்கள். ஸ்டேஷனைவிடத் தண்டவாளத்துக்கு வயது கூடுதலாக இருக்கலாம்.

கட்டடத்தை விட்டுவிட்டு மண்மேட்டைப் பாருங்கள். பாதை ஓரிடத்தில் மட்டும் இரண்டு லைன் அகலத்துக்கு விரிந்து மறுபடி குறுகினால், அங்கே எதிரெதிர் வண்டிகள் விலகிக்கொள்ளும் கிராசிங் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். கிராசிங் என்றால் ஸ்டேஷன் மாஸ்டர், வண்டியைத் தடம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேன், கைகாட்டி, பிரம்பு வளையத்துப் பையில் டோக்கன் பந்து. அடுத்த ஸ்டேஷன் வரை பாதை காலி என்று இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டால்தான் கருவி அந்தப் பந்தை வெளியே விடும். பந்து கைக்கு வராமல் டிரைவர் நகரமாட்டார்.

தனுஷ்கோடி 1964 டிசம்பர் புயலில் ஒரே இரவில் போனது. மற்ற கிராமத்து ஸ்டேஷன்கள் பல அப்படிப் போகவில்லை, படிப்படியாகத் தேய்ந்தன. லூப்பைப் பிடுங்கினால் மாஸ்டருக்கு வேலை இல்லை. ஸ்டேஷன், மாஸ்டர் இல்லாமல் வண்டி நின்று போகும் வெறும் ஹால்ட் ஆகும். பக்கத்து ஸ்டேஷனில் டிக்கெட் வாங்கிவந்து கமிஷனுக்கு விற்கும் ஏஜென்ட் ஒருவர் மிஞ்சுவார். கமிஷன் கட்டுப்படியாகாவிட்டால் அவரும் விலகுவார். 1992-இல் தொடங்கிய அகலப்பாதைத் திட்டம் அடுத்த அடி. 1000 மி.மீ. பாதையை 1676 ஆக்கப் பாதையையே மூட வேண்டும். தேனி வழியாகப் போகும் மதுரை-போடி பாதை 2010 கடைசியில் மூடப்பட்டது. தேனிக்கு ரயில் திரும்பியது 2022-இல். அத்தனை வருஷம் பஸ்ஸில் போய்ப் பழகிய கூட்டத்தை எந்த ஹால்ட் திரும்ப இழுக்கும்?

ஆகவே மூடிய தேதியை மட்டும் தேடாதீர்கள். பழைய கால அட்டவணைகளை வருஷவாரியாக அடுக்கி, கிராசிங் எப்போது எடுபட்டது, பெயருக்குப் பக்கத்தில் "ஹால்ட்" எப்போது ஒட்டிக்கொண்டது, நிற்கும் வண்டிகள் எப்போது குறைந்தன என்று பாருங்கள். சுதந்திரத்துக்கு முந்தைய ஆவணங்களுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம் இருக்கிறது. அந்தப் பக்கம் தண்டவாளப் பராமரிப்பு வேலை பார்த்த கேங்மேன் யாராவது கிடைத்தால், லூப் எந்தப் பக்கம் இருந்தது என்பதை முதலில் கேளுங்கள். பேயை அப்புறம் விசாரிக்கலாம்.