கஜாவும் அம்மாவின் மொய் நோட்டும்

நவம்பர் வந்தால் போதும், கஜா புயல் படங்களைப் போட்டு "சாதி மதம் பார்க்காமல் ஒன்று சேர்ந்தோம்" என்று யாராவது எழுதிவிடுகிறார்கள். தஞ்சாவூர் மாவட்டத்துப் பேராவூரணிப் பக்கத்துக்காரனான எனக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் அது பாதிக்கதை.

2018 நவம்பர் 16. நள்ளிரவு தாண்டி வேதாரண்யம் பக்கம் கரையேறிய புயல், எங்கள் ஊருக்கு வந்தபோதும் அடங்கவில்லை. விடிந்து பார்த்தால் தோப்பு இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. தென்னைக்கு ஏது ஆணிவேர்? எல்லாம் சல்லிவேர். வட்ட வட்டமாக மண்ணைப் பெயர்த்துக்கொண்டு சாய்ந்து கிடந்தன. அப்பா எண்ண ஆரம்பித்து நாற்பதைத் தாண்டியதும் நிறுத்திவிட்டார். மரத்துக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக 1,100 ரூபாய் என்று அரசு பிறகு அறிவித்தது. புதுக்கன்று வைத்தால் காய்க்க ஐந்தாறு வருஷம் ஆகும்.

மறுநாள் காலை பக்கத்துத் தோப்புக்காரர் மரம் அறுக்கும் மெஷினோடு வாசலில் நின்றார். வரப்புத் தகராறில் ஏழெட்டு வருஷமாக எங்களோடு பேச்சுவார்த்தை இல்லாதவர். "தம்பி, பெட்ரோல் மட்டும் வாங்கிட்டு வா" என்றார். அவ்வளவுதான் பேச்சு. வழியை அடைத்துக் கிடந்ததையெல்லாம் இரண்டு நாளில் துண்டு போட்டுக் கொடுத்தார்.

அப்புறம் கரண்ட். டெல்டாவில் விழுந்த மின்கம்பங்கள் மட்டும் லட்சத்துக்கு மேல். எங்கள் தெருவில் விளக்கு எரிய ஒரு மாதம் தாண்டியது. வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்து ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்துத் தண்ணீர் ஏற்றினோம். வெளிமாவட்டத்து லைன்மேன்களுக்கு முறை வைத்துச் சாப்பாடு போட்டோம். கம்பத்தைச் சேற்று வயலுக்குள் தோளில் தூக்கிப் போனது ஊர்ப் பையன்கள். கேரளாவும் மின்வாரிய ஊழியர்களை டெல்டாவுக்கு அனுப்பியது. அந்த ஆகஸ்டில்தான் அவர்களின் வெள்ளத்துக்கு இங்கிருந்து லாரி லாரியாகச் சாமான் போயிருந்தது. "எழுதின மொய் திரும்பி வருதுப்பா" என்றார் டீக்கடையில் ஒரு பெரியவர்.

விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் அதுதான். ஆடி, ஆவணியில் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் வந்தால் மொய் விருந்துப் பந்தல்களைப் பார்க்கலாம். கல்யாணம் காதுகுத்து எதுவும் வேண்டாம். கறிச்சோறு போட்டு மொய் வாங்குவார்கள். வாங்கியதை அடுத்தவர் விருந்தில் கொஞ்சம் கூட்டித் திருப்பி எழுத வேண்டும். வங்கி தராத கடனை இந்த மொய்க் கணக்கு நோட்டு தந்துவிடும். யார் யாருக்கு என்ன செய்தார் என்று மறக்காத ஊர். புயலன்று எங்களுக்குத் திடீரென்று மனிதாபிமானம் பொங்கிவிடவில்லை, பழைய கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. 2019இல் இளைஞர்கள் பேராவூரணிப் பெரியகுளத்தைத் தூர்வாரக் கிளம்பியபோது ஊர் பணம் போட்டதும் இந்தப் பழக்கத்தில்தான் என்று நினைக்கிறேன்.

சரி, நோட்டில் கணக்கே இல்லாதவர்கள்?

நிவாரண வண்டிகள் மெயின் ரோட்டிலேயே காலியாகின. மறித்தவர்களில் நானும் ஒருவன். எங்கள் தெருவில் பிஸ்கட் பாக்கெட் பிரிக்கப்படாமல் கிடந்தபோது, உள்ளே தலித் மக்கள் வாழும் காலனியில் கூரை பறந்த வீடுகளுக்கு ஒரு தார்ப்பாய்கூடப் போய்ச் சேரவில்லை. யாரும் வேண்டுமென்று தடுக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். தார்ப்பாயைக் கையில் வாங்கியதும் தெரிந்தவன் முகம்தான் ஞாபகம் வந்தது. அந்த ஞாபகத்தில் காலனி இல்லை. ஒன்று சேர்ந்தோம் என்று எழுதுகிறவர்கள் இதையும் சேர்த்து எழுதினால் நன்றாக இருக்கும்.

புயல் நேரத்தில் யார் என்ன செய்தார்கள் என்று அம்மா மொய் நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறார். பக்கத்துத் தோப்புக்காரர் பெயருக்கு நேரே "மெஷின், 2 நாள்". அவர் மகள் கல்யாணத்தில் 10,001 எழுதிவிட்டு வந்து அம்மா அந்த வரியை அடித்தார். அறுத்த துண்டுகளைச் சும்மாட்டுத் துணி வைத்துத் தலையில் சுமந்து ரோட்டோரம் அடுக்கியவர் காலனி அண்ணன். கூரை போன தன் வீட்டை அப்படியே விட்டுவிட்டு மூன்று நாள் வந்தார். கூலியை அப்புறம் தருகிறோம் என்றோம், தையில் கொடுத்தோம். அந்தப் பக்கத்தில் அவர் பெயரை இரண்டு தடவை தேடிப் பார்த்தேன்.