தடுப்பாட்டக்காரர்களும் சர்வீஸும்

டேபிள் டென்னிஸில் தடுத்து ஆடுபவர்களில் பலர் சர்வீஸை ஒரு சம்பிரதாயமாக எண்ணி, பந்தை எப்படியாவது எதிர்ப்பக்கம் சேர்த்துவிட்டு மேசையை விட்டுப் பின்னால் நகர்ந்துகொள்கிறார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் ஆடினேன். 2001-இல் ஆட்டம் 21 புள்ளிகளிலிருந்து 11 புள்ளிகளாகக் குறைந்து, ஐந்தைந்தாக மாறிவந்த சர்வீஸ் இரண்டிரண்டாக ஆனபோதே இப்பழக்கம் ஒழிந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

நமது சர்வீஸ் நேரடியாகப் புள்ளி பெற்றுத் தர வேண்டியதில்லை. எதிராளியின் முதல் அடி எப்படி வர வேண்டும் என்பதை நாம் முடிவுசெய்ய உதவினால் போதும். தாக்கி ஆடுபவருக்கு நீளமான சர்வீஸ் போடக் கூடாது என்ற அறிவுரை நமக்கு அப்படியே பொருந்தாது. பேக்ஹேண்ட் மூலையின் ஆழத்தில் கனத்த பின்சுழலோடு (பின்னோக்கிய சுழற்சி) பந்து விழுந்தால், அவர் அதைக் கீழிருந்து தூக்கி லூப் அடிக்க வேண்டியிருப்பதால் வேகம் குறைந்து மேற்சுழல் (முன்னோக்கிய சுழற்சி) கூடுகிறது. அந்த மேற்சுழல்தான், நீண்ட குமிழ்கள் கொண்ட லாங் பிம்பிள்ஸ் ரப்பருக்குத் தீனி. அதில் சாப் செய்யும்போது (மேலிருந்து கீழாக வெட்டித் திருப்பும்போது) அவர் கொடுத்த சுழற்சியே பின்சுழலாக அவரிடம் திரும்பிச் செல்கிறது.

இதற்கு இணையாக, அதே கையசைவில் சுழற்சியற்ற சர்வீஸும் கைவசம் இருக்க வேண்டும். மட்டையின் நுனிப்பகுதி பந்தின் அடியை உரசினால் சுழற்சி ஏறும். வேகம் குறைந்த கைப்பிடிப் பக்கத்தில் பட்டால் ஏறாது. பின்சுழல் என்று நம்பிப் பந்தின் அடியில் மென்மையாகத் தள்ளிப் புஷ் செய்பவரின் பந்து உயரமாக எழும்போது ஃபோர்ஹேண்டால் அடித்து முடிக்கலாம். 2003 பாரிஸ் உலகப் போட்டியில் இறுதிவரை சென்ற தென்கொரியாவின் ஜூ செ-ஹ்யூக், சாப்புக்கு நிகராக ஃபோர்ஹேண்ட் தாக்குதலுக்காகவும் அஞ்சப்பட்டவர். (லாங் பிம்பிள்ஸ் பக்கத்தால் சர்வீஸ் போட்டால் சுழற்சி இராது என்பது உண்மைதான்; ஆனால் இரு பக்க ரப்பரின் நிறமும் வேறு என்பதால் கவனமான எதிராளி ஏமாறமாட்டார்.)

இதன் அருமை எனக்குப் புரிந்தது இன்னொரு தடுப்பாட்டக்காரரோடு மோதியபோதுதான். பத்து நிமிடம் கடந்தும் இருவருமாகப் 18 புள்ளிகள் எடுக்காததால் துரித விதி அமலுக்கு வந்தது. சர்வீஸ் ஒவ்வொன்றாக மாறும். எதிர்கொள்பவர் 13 முறை பந்தைச் சரியாகத் திருப்பிவிட்டால் புள்ளி அவருக்கே. நாள் முழுவதும் பந்தைத் திருப்பிக்கொண்டிருக்க என்னால் முடியும். ஆனால் மூன்றாவது பந்தை (என் சர்வீஸை எதிராளி திருப்பியதும் வருவதை) அடிக்க வழிசெய்யும் சர்வீஸ் ஒன்றுகூட என்னிடம் இல்லை. நான் சர்வீஸ் போட்ட புள்ளிகளில் பெரும்பாலானவற்றை நடுவர் பதின்மூன்று எண்ணியே எதிராளிக்குக் கொடுத்தார்.