எண் பெயர் கொண்ட கோப்புறையை அவசரப்பட்டு அழிக்க வேண்டாம்

ஸ்டீம் என்ற இணையக் கடையின் கேம்களை விளையாடும் கையடக்கக் கருவியான ஸ்டீம் டெக்கில் இடம் நிறைந்துவிட்டால், விளையாடாத கேம்களை நீக்கினாலே போதும் என்கிறது ஒரு கட்டுரை. அது பாதிதான் சரி. கேம் போன பிறகும் ‘ஷேடர்கேச்’, ‘காம்ப்டேட்டா’ என்ற இரண்டு கோப்புறைகளில் மிச்சம் தங்கிவிடுவது உண்டு. 64 ஜிபி மாடல் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய தலைவலி.

ஆனால் தயவுசெய்து இரண்டையும் ஒரே மாதிரி நினைத்து அழிக்காதீர்கள். ஷேடர்கேச் என்பது கேமின் காட்சிகளை வரைய முன்கூட்டியே தயாரித்து வைத்த கோப்புகள்; அது போனால் நஷ்டமில்லை, தேவைப்படும்போது மறுபடி உருவாகிவிடும். முதலில் கொஞ்சம் திக்கித் திக்கி ஓடலாம், அவ்வளவுதான். காம்ப்டேட்டா அப்படியல்ல. விண்டோஸ் கேம்களை டெக்கில் ஓடவைக்கும் புரோட்டான் என்ற மென்பொருள், அவை ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு சி டிரைவை இதற்குள்தான் அமைக்கிறது. பல கேம்களில் நாம் எட்டிய கட்டத்தைப் பதிந்து வைக்கும் சேவ் கோப்புகளும் அங்கேயே இருக்கும். சேவை இணையத்தில் நகலெடுத்து வைக்கும் ஸ்டீம் கிளவுட் வசதி இல்லாத கேம் என்றால், அழித்த சேவ் திரும்பி வராது. ஸ்டீமுக்கு வெளியிலிருந்து நாமே சேர்த்த கேம்களுக்கும் இதே கதி.

இந்த இரண்டுக்கும் உள்ளே ஒவ்வொரு கேமுக்கும் இருக்கும் கோப்புறைக்கு எண்தான் பெயர் என்பதால் குழப்பம் வரும். ஸ்டீமில் வாங்கிய கேம் என்றால், அதன் ஸ்டோர் பக்க முகவரியில் உள்ள எண்ணும் இதுவும் ஒன்றே. வெளிக் கேம்களுக்கு நீளமான எண் இருக்கும். காம்ப்டேட்டாவில் அந்த எண் கொண்ட கோப்புறையைத் திறந்து ‘பிஎஃப்எக்ஸ்’, ‘டிரைவ்_சி’, ‘யூசர்ஸ்’ என்று உள்ளே போய்ப் பாருங்கள். சேவ் இருந்தால் மெமரி கார்டில் ஒரு நகல் எடுத்து வையுங்கள், அப்புறம் அழிக்கலாம்.

நின்டெண்டோ ஸ்விட்சில் இந்தப் பயம் இல்லை. கேமை நீக்கினாலும் சேவ் உள்நினைவகத்திலேயே இருக்கும், அதை அழிக்கத் தனி மெனு உண்டு. டெக்கிலும் அப்படி ஒன்று கட்டாயம் வேண்டும்.